எட்டுச் சொல் விதியோடு இரண்டு வருடம்

முத்தியால்பேட்டைத் தோழி போன வாரம் கேட்டாள்: "அக்கா, சின்னப் பிள்ளைங்களுக்கு எழுதக் கத்துக்க நீங்க சேர்ந்தீங்களே, அந்த ஆன்லைன் கோர்ஸ் இப்ப பாதி விலைக்குப் போட்டிருக்காங்க. சேரட்டுமா?"

வாட்ஸப்பில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குத்தான் என் மூன்றாவது கதை அந்தக் கோர்ஸிலிருந்து திருத்தத்தோடு திரும்பி வந்திருந்தது. கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை. எத்தனை வீடியோ, எத்தனை வாரம் என்பதெல்லாம் அவர்கள் விளம்பரத்திலேயே இருக்கிறது. இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டியதில் எனக்குக் கிடைத்ததையும் கிடைக்காததையும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லது. மூன்றாம் வாரத்தில் டம்மி, அதாவது புத்தகத்தின் கைமாதிரி, செய்யச் சொல்லித்தருகிறார்கள். எட்டு ஏ4 தாளை அடுக்கி, நடுவில் மடித்து, ஸ்டேப்ளர் அடித்தால் 32 பக்கம். படப் புத்தகங்கள் பெரும்பாலும் ஏன் 32 பக்கத்தில் வருகின்றன என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிகிற 16 பக்கம் ஒரு ஃபாரம், இரண்டு ஃபாரம் ஒரு புத்தகம். அச்சகத்தின் கணக்கு அது. தலைப்பும் பதிப்பு விவரமும் போக மிஞ்சுகிற இடத்துக்குள் கதை அடங்க வேண்டும்.

என் கதை, தேவனாம்பட்டினம் கடற்கரையில் தன் வளையைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற ஒரு நண்டைப் பற்றியது. கணினியில் படித்தபோது குறையே தெரியவில்லை. வரிகளைக் கத்தரித்து டம்மியில் ஒட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது. நண்டு ஒரு வளைக்குள் எட்டிப் பார்த்து "உள்ளே யாரு?" என்று கேட்கும் வரி இடப்பக்கத்தில் விழுந்தது. உள்ளே இருப்பது யார் என்பது எதிரிலேயே, வலப்பக்கத்தில். கேள்வியும் பதிலும் ஒரே பார்வையில் கண்ணில் பட்டுவிட்டால் குழந்தை எதற்காகக் காத்திருக்கும்? அந்தக் கேள்வியை வலப்பக்கத்தின் கடைசி வரியாகத் தள்ளினேன். "சிவந்த கால்கள்", "ஈர மணல்" போன்றவற்றை எடுத்தேன், அதையெல்லாம் படம் சொல்லிவிடும். கதை பாதியாகச் சுருங்கியது.

2021இல் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது நான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அப்போதிருந்து மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்கு அந்த டம்மியை வாசித்துக் காட்டினேன். "உள்ளே யாரு?" என்று நான் நிறுத்தியதும், ஒரு பையன் என்னைக் கேட்காமல் கையை நீட்டிப் பக்கத்தைத் தானே திருப்பினான். கட்டிய பணம் அந்த நொடியிலேயே வசூலாகிவிட்டது. இதை நான் மறுக்கவே மாட்டேன்.

இனி எட்டுச் சொல் விதி.

ஆரம்ப வாசகருக்கு ஒரு வாக்கியத்தில் எட்டுச் சொல்லுக்கு மேல் வரக்கூடாதாம். முதல் கதையின் ஓரத்தில் இதை எழுதினார்கள். இரண்டாவதிலும் எழுதினார்கள். போன வாரம் மூன்றாவதிலும் அதே வரி. இது ஆங்கிலத்துக்குப் பொருந்துகிற விதி. அங்கே ஒரு வினையே நாலைந்து சின்னச் சொல்லாகப் பிரிந்து நிற்கும், அதனால் எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும். நம் மொழியில் வினை வால் பிடித்து வால் பிடித்து நீளும்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் முதல் பிரதியை வாசித்த மாலை அப்படியே நினைவிருக்கிறது. "படகில் ஏறிக்கொள்ளவேண்டியிருந்தது." இரண்டே சொல். விதிப்படி இதைவிட எளிய வாக்கியம் இருக்க முடியாது. "படகில்" என்பதைச் சத்தமாக வாசித்தாள். அடுத்ததில் விரலை வைத்தாள். "ஏறிக்... கெ... கா..." என்று தடுமாறினாள். "கொ" எழுத்துக்கு முன்னும் பின்னும் குறி இருக்கிறதே, அதை இரண்டாகப் பிரித்துவிட்டாள். பிறகு "கொள்", பிறகு "வேண்டி". பதினான்கு எழுத்தையும் தாண்டி "தது" என்று முடித்தபோது, படகில் ஏறியது யார் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். அவளைத் தோற்கடித்தது நான்தான் என்று அப்போது புரிந்தது.

அடுத்த பக்கத்தில், "அது கரைக்கு வந்து ஒரு சின்னக் குழி தோண்டி உள்ளே போனது." ஒன்பது சொல். விதியை மீறிய வாக்கியம். அவள் மூச்சு விடாமல் வாசித்துவிட்டு, "நண்டு தூங்கப் போச்சா மிஸ்?" என்று கேட்டாள்.

இதை அப்படியே எழுதி அனுப்பினேன். தமிழில் எண்ண வேண்டியது சொற்களை அல்ல, ஒரு சொல்லுக்குள் எத்தனை எழுத்து, எத்தனை ஒட்டு என்பதைத்தான் என்று விளக்கினேன். பேச்சில் அந்தப் பிள்ளை "ஏற வேண்டியிருந்துச்சு" என்று சுலபமாகச் சொல்வாள். அச்சில் அது வேறு உருவத்தில் நிற்கிறது, அந்த இடைவெளியைக் கடக்க உதவுவதுதான் நம் வேலை என்றும் எழுதினேன். "விதியைப் பின்பற்றவும்" என்று பதில் வந்தது. தமிழில் எழுதுகிறவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு தமிழைப் பற்றி ஒரு பாடம்கூட வைக்காதது எனக்குப் பெரிய குறைதான். அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் புத்தகங்களை வாசிப்பு நிலைக்கு ஏற்ப நுழை, நட, ஓடு, பற என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களிலேயே குழந்தை தெரிகிறது. "நுழை" புத்தகங்கள் நாலைந்தைச் சத்தமாக வாசித்துப் பார்த்ததில் நான் கற்றது அதிகம். ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கலாம்.

பதின்பருவத்தினருக்கான பகுதி சின்னது, இரண்டே வாரம். ஆனால் அதில் ஒரு பாடம் சரியாகத் தைத்தது: பெரியவர் பின்னால் திரும்பிப் பார்க்கிற கதை அவர்களுக்கு வேண்டாம், அந்த வயதின் உள்ளிருந்து எழுது என்றார்கள். நான் கேட்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைப் புரட்டிப்போட்ட தானே புயலை வைத்து, அப்பாவோடு பேசாத ஒரு பையனின் கதையை எழுதினேன். புயலுக்கு மட்டும் இருபது பக்கம். பக்கத்துவீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் அந்தப் புயலுக்குப் பிறகு பிறந்தவன். படித்துவிட்டு, "புயல் பத்திப் பாட்டி எப்பவும் சொல்லிட்டுதான் இருக்கு ஆன்ட்டி. அவன் ஏன் அவங்க அப்பாகிட்ட பேசறதில்ல, அதச் சொல்லுங்க" என்றான். இருபது பக்கத்தை நான்காக்கினேன். அங்கே கோர்ஸ் சொன்னதுதான் சரி, நான்தான் தவறு.

இத்தனை நல்லதும் சொல்லிவிட்டு என்ன பதில் சொல்வது? பாதி விலை என்றாலும் சேராதே. டம்மி பாடத்துக்காக என்றால் அதை நானே சொல்லித்தருகிறேன். மிச்சக் காசுக்குப் படப் புத்தகங்கள் வாங்கு.

சனிக்கிழமை புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வா. எட்டு ஏ4 தாள், ஸ்டேப்ளர், கத்தரிக்கோல் என்னிடம் இருக்கிறது. உன் கதையைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தால் போதும். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். அன்று தடுமாறி வாசித்த அந்தப் பெண் இப்போது நான்காம் வகுப்பு. அவளுடைய தம்பி இரண்டாம் வகுப்பு, அவனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வோம்.