வீட்டுக்கடன் கே.எஃப்.எஸ். தாள்: கையெழுத்துக்கு முன்னால் இதைப் படியுங்கள்

வீட்டுக்கடனுக்காக வங்கியில் நீட்டும் காகிதக் கட்டுக்குள் ஒரே ஒரு தாளை மட்டும் நான் மனசாரப் பாராட்டுவேன். கடனின் முக்கிய விவரங்களைச் சொல்லும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட், சுருக்கமாகக் கே.எஃப்.எஸ். கடன் ஒப்பந்தத்தைப் பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக அடித்துத் தருகிறார்கள், படித்து முடிக்க வக்கீல் வேண்டும். இந்தத் தாளைப் படிக்கப் பொறுமை இருந்தால் போதும். 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அந்த வருஷம் அக்டோபர் 1 முதல் அனுமதியாகும் வீட்டுக்கடனுக்கெல்லாம், கொடுப்பது வங்கியோ ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியோ, இதைக் கொடுத்தே ஆக வேண்டும். இதைப் பற்றித் தமிழில் யாரும் விவரமாக எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மடிப்பாக்கத்தில் ஒரு பழைய ஃப்ளாட்டை 58 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். கேட்ட கடன் 45 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டிக் கொடுக்கக் கூடாது, முத்திரைத் தீர்வையையும் பதிவுச் செலவையும் அந்த மதிப்பில் சேர்க்கவும் கூடாது. இது ரிசர்வ் வங்கி விதி. மறுவிற்பனை ஃப்ளாட்டுக்கு இங்கே தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். எங்களுக்கு அது 5.22 லட்சம். ஆக, கைக்காசு மட்டும் 18 லட்சத்துக்கு மேல். நகையை வைத்துத்தான் புரட்டினோம். ஆனாலும் இந்த விதி மேல் எனக்குக் கோபம் இல்லை. முன்பணமே இல்லாமல், வருமானத்தைச் சரியாகப் பார்க்காமல் அள்ளிக் கொடுத்த கடன்கள் 2008இல் அமெரிக்காவில் எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தின என்று நமக்குத் தெரியும்.

இனி தாளுக்கு வருகிறேன். முதல் பகுதி அட்டவணை. கடன் தொகை, தவணைக் காலம், வட்டி நிலையானதா மாறுவதா, மாறுவது என்றால் எதை வைத்து மாறும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. எங்களுடையதில் ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் கடனின் வட்டி, 5.25, அதன் மேல் வங்கி வைத்த ஸ்ப்ரெட் 2.75, ஆக 8 சதவீதம். 20 வருஷத்துக்கு இ.எம்.ஐ. 37,640. நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. வங்கிகள் 2019 அக்டோபர் முதல் வீட்டுக்கடன் வட்டியை ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோடுதான் கட்ட வேண்டும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, சொந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இந்தக் கட்டத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

அடுத்து இருப்பது ஏ.பி.ஆர். வட்டியோடு எல்லாக் கட்டணத்தையும் சேர்த்தால் கடனுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதைச் சொல்லும் எண். வாய்மொழியாக 8 சதவீதம் என்று சொன்ன கடனுக்கு, கையில் வந்த தாளில் ஏ.பி.ஆர். 8.55 என்று இருந்தது. கட்டணப் பகுதியில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வந்தேன். பிராசஸிங் ஃபீஸ் ஜி.எஸ்.டி.யோடு 11,800. லீகல் ஒப்பினியன் 3,500. வேல்யுவேஷன் 2,700. அதற்குக் கீழே கடன் காப்பீடு (கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடனை அடைப்பது), ஒரே பிரீமியம், 1,62,000. அதுவரை யாரும் வாயைத் திறந்து சொல்லாத தொகை. கடனிலிருந்தே பிடித்துக்கொள்வார்களாம்.

லோன் பிரிவில் இருந்த தம்பியைக் கேட்டேன். "மேடம், இன்சூரன்ஸ் போட்டாத்தான் மேல சாங்ஷன் ஆகும். எல்லாரும் போடறாங்க" என்றார்.

"அப்படின்னு எழுத்துல கொடுங்க தம்பி, வாங்கிக்கறேன்" என்றேன்.

உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தார். அடுத்து வந்த தாளில் அந்த வரி இல்லை. ஏ.பி.ஆர். 8.05. கடன் அப்படியே சாங்ஷன் ஆனது. காப்பீடே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் கணவர் பெயரில் தனியாக டேர்ம் பாலிசி எடுத்தோம், வருஷா வருஷம் கட்டுகிறோம். ஆனால் சாங்ஷனைக் காட்டி மிரட்டி விற்பது அநியாயம். மூன்று, நான்கு லட்சம் என்று இதே வரியில் கொடுத்தவர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே இருக்கிறார்கள்.

நம் சம்மதம் இல்லாமல், தாளில் இல்லாத கட்டணம் எதையும் கடன் காலம் முழுக்க வாங்கக் கூடாது. தாளைக் கொடுத்தபின் குறைந்தது மூன்று வேலை நாள் அதே நிபந்தனைகளை வங்கி நமக்காக வைத்திருக்க வேண்டும். "இன்னிக்கே சைன் பண்ணிடுங்க, ரேட் மாறிடும்" என்று அவசரப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதும் உத்தரவில் இருக்கிறது. எங்களுக்கு முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது. கணவருக்காகத் தமிழில் கேட்டோம். கொஞ்சம் இழுத்தடித்துக் கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பு சுமார். ஆனாலும் அவர் தானே படித்து, எனக்குத் தோன்றாத ஒரு கேள்வியைக் கேட்டார்: "நம்ம கடனை இவங்க வேற யாருக்காவது வித்துடலாமா?" அதற்கும் பதில் இரண்டாம் பகுதியில் இருந்தது. விற்கலாம். புகார் அதிகாரியின் தொலைபேசி எண்ணும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது குறை. வட்டி கால் சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் கணக்கில் இ.எம்.ஐ. 703 ரூபாய் ஏறும், அல்லது அதே இ.எம்.ஐ.யில் 12 தவணை கூடும். படிப்பவருக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5க்குப் போனது. கால் சதவீதமா அது? இரண்டரை சதவீதம்! அதற்குச் சற்று முன்னால் 6.75 சதவீதத்தில், 20 வருஷத்துக்கு, 30 லட்சம் வாங்கியவரின் இ.எம்.ஐ. 22,811. வட்டி 9.25 ஆனால் 30 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 23,125. இ.எம்.ஐ.யைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டினால் அந்தக் கடனுக்கு முடிவே கிடையாது. இதனால்தான் 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும், கட்டும் இ.எம்.ஐ. மாத வட்டிக்காவது போதுமானதாக இருக்க வேண்டும் என்று சொன்னது.

2025 டிசம்பரில் ரெப்போ 5.25க்கு இறங்கியதும் எல்லோருக்கும் அந்தப் பயம் விட்டுப்போயிற்று. எனக்கு விடவில்லை. கால் சதவீத வரிக்குப் பக்கத்திலேயே இரண்டரை சதவீத வரி ஒன்றையும் கட்டாயமாக்க வேண்டும். எங்கள் கடனுக்கு அதை நானே பென்சிலால் எழுதி வைத்தேன்: 10.5 சதவீதம், இ.எம்.ஐ. 44,927. மாதம் 7,287 கூடுதல். பையன் காலேஜ் சேரும் வருஷத்தில் இது வந்தால் தாங்குமா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். முதலில் 50 லட்சம் கடனுக்குப் பெரிய ஃப்ளாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை விட்டு இதற்கு வந்தது அந்தப் பென்சில் கணக்கால்தான்.

மதிப்பெண் போட்டால் 5க்கு 4. தாளுக்கு மட்டும்தான் இந்த மார்க், கிளைக்கு இல்லை. கிளையில் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, வங்கிகள் மேலான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனுக்குக் காசில்லாமல் எழுதலாம், விவரம் கேட்க 14448.

வாங்கப் போகிறவர்கள் தாளில் இன்னும் இரண்டு கட்டங்களைப் பாருங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது, ஃபோர்குளோஷர் கட்டத்தில் பூஜ்யம்தான் இருக்க வேண்டும். மாறும் வட்டியிலிருந்து நிலையான வட்டிக்குப் போக என்ன கட்டணம் என்பதும் அதே பகுதியில் இருக்க வேண்டும். எங்கள் முதல் தாளில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. கேட்டபின் நிரப்பிக் கொடுத்தார்கள்.