வோர்டிங்போர்க்: ஒரு கோபுரம், ஒரு தங்க வாத்து, கொஞ்சம் பசி

கோட்டை என்றதும் தர்பார் மண்டபம், அந்தப்புரம் என்று கற்பனை ஓடினால் டென்மார்க்கின் வோர்டிங்போர்க் உங்களுக்குச் சரிப்படாது. முழுசாக நிற்பது ஒரே ஒரு கோபுரம்தான், மற்றதெல்லாம் புல்வெளியில் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும் இடிந்த சுவர்கள். எனக்குப் பிடித்திருந்தது.

கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். இறங்கி நடந்தால் கடைத்தெரு முடிகிற இடத்திலேயே கோட்டை வந்துவிடுகிறது.

அந்தக் கோபுரத்துக்கு வாத்துக் கோபுரம் என்று பெயர். 26 மீட்டர் உயரம், உச்சியில் தங்க முலாம் பூசிய வாத்து. 1368-ல் ஹன்சா என்ற வணிகக் கூட்டணியின் நகரங்கள் சேர்ந்து டென்மார்க் மீது போர் தொடுத்தபோது, இந்நாட்டின் நான்காம் வால்டெமார் மன்னர் "இதுகள் கத்துகிற வாத்துக் கூட்டம்" என்று நக்கலடிக்கத்தான் அதை ஏற்றி வைத்தாராம். நக்கலெல்லாம் சரி, போரில் தோற்றது அவர்தான். 1370-ல் ஜெர்மனியின் ஸ்ட்ரால்சுண்ட் நகரில் அவர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்து சமாதானம் பண்ண வேண்டியதாயிற்று. வாத்து மட்டும் இன்னும் கெத்தாக நிற்கிறது.

சுவர் மூன்றரை மீட்டர் தடிமன். அது எவ்வளவு என்று வெளியே நின்றால் உறைக்காது. உள்ளே ஏறும்போது ஒரு ஜன்னல் குழியில் கையை முழுசாக நீட்டிப் பார்த்தேன், வெளிச்சம் விழுகிற இடத்துக்குப் பாதி தூரம்கூட எட்டவில்லை. மேலே போனால் கடல் தெரிகிறது, காற்று தொப்பியைப் பிடுங்குகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடுங்கள்.

நான் போனதற்குக் காரணம் வேறு. கோபன்ஹேகன் நீதிமன்றத்தின் முகப்பில் 'சட்டத்தால்தான் நாட்டைக் கட்ட வேண்டும்' என்று ஒரு வரி பொறித்திருக்கும். அது டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதிக்கென எழுதப்பட்ட பழைய யூட்லாந்துச் சட்டத்தின் முன்னுரையில் உள்ள வரி, அந்தச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது இதே ஊரில், 1241 மார்ச்சில். பிறப்பித்த மன்னர் இரண்டாம் வால்டெமார் அதே மாதம் இங்கேயே இறந்துபோனார். இதைத் தெரிந்துகொண்டு நின்றால் அந்த மொட்டைச் சுவர்கள் வேறு மாதிரி தெரிகின்றன, தெரியாமல் போனால் அரை மணி நேரத்தில் கொட்டாவிதான். அதனால் பக்கத்தில் 2014-ல் திறந்த கோட்டை அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிடுங்கள், அப்புறம் கோபுரம்.

ஒரே குறை சாப்பாடு. ஐந்து மணி வரை என்று பலகை போட்டிருந்த ஒரு காபிக் கடையில் நாலரைக்கே நாற்காலியைக் கவிழ்த்துவிட்டார்கள். பையில் இருந்த வாழைப்பழத்தை மதில் மேல் உட்கார்ந்து தின்றுவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.