டோபார் வயரிங்: ரிலே பெட்டி மேல் குறையில்லை, நீலக் கிளிப் மேல்தான் கோபம்

மழை நாளில் மட்டும் ட்ரெய்லரின் பிரேக் லைட் அணைகிறது என்று டிக்கி ஓரத்து உறையைக் கழற்றி வயரிங்கைச் சரிசெய்த கையோடு இதை எழுதுகிறேன். "டோபார் மாட்டியாச்சு, லைட்டுக்கு கரண்டை எங்கிருந்து எடுப்பது?" என்று கேட்ட நண்பருக்கும் இதுவே பதில். டோபார் என்பது ட்ரெய்லரை இழுக்கக் காரின் பின்னால் மாட்டும் இரும்புக் கம்பி.

காரின் டெயில் லேம்ப் வயரிலிருந்து நேராக இழுத்து ட்ரெய்லருக்குக் கொடுப்பது பழைய வண்டிகளோடு முடிந்துபோன முறை. 21 வாட் பல்ப் ஒன்றுக்கு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர். ட்ரெய்லரில் இரண்டு பிரேக் பல்ப் என்றால் கூடுதலாக 3.5 ஆம்பியர். இன்றைய கார்களில் விளக்குகளுக்குக் கரண்ட் கொடுப்பது பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற சிறு கம்ப்யூட்டர். எதிர்பாராத சுமை வந்தால் அது பிழை காட்டும், அந்த லைனுக்குக் கரண்டை நிறுத்திவிடும், சில நேரம் தானே பழுதாகும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பைபாஸ் ரிலே என்ற சிறு பெட்டி இந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. கார் விளக்கு எரிகிறதா என்பதை மட்டும் சில மில்லிஆம்பியரில் தெரிந்துகொண்டு, ட்ரெய்லருக்கான கரண்டை பேட்டரியிலிருந்து தனி வயரில் எடுத்துக் கொடுக்கிறது. ட்ரெய்லர் பக்கம் வயர் உரசி ஷார்ட் ஆனாலும் போவது 15 ஆம்பியர் ஃப்யூஸ்தான். காரின் மாட்யூலுக்கு எதுவும் ஆகாது. இத்தனை காலப் பயன்பாட்டில் அந்தப் பெட்டி ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. பேட்டரி வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். வசதி என்று டிக்கியில் வைத்தால் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் வயர் முழுவதும் பாதுகாப்பில்லாமல் கிடக்கும்.

என் கோபமெல்லாம், ரிலேயின் சிக்னல் வயரை லேம்ப் வயரோடு இணைக்க அதே பாக்கெட்டில் போட்டுத் தரும் நீலக் கிளிப்மேல்தான். வயரை உள்ளே வைத்து பிளையரால் அழுத்தினால், தகடு இன்சுலேஷனைக் கிழித்துச் செம்பைத் தொடும். நீல அளவு 1.5 முதல் 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கானது. டெயில் லேம்ப்புக்கு வரும் வயரோ பல கார்களில் 0.5, சிலதில் அதைவிட மெல்லியது. தகட்டின் பிளவில் அது தளர்வாக உட்கார்ந்து, பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும். கிழிந்த இடத்துக்கு மூடியும் சரியாக இல்லை. லேம்ப்புக்குப் பின்னால் ஈரம் தங்க, செம்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது.

ரிலேயின் பெரிய பலம் இங்கே பலவீனமாகிறது. கரண்ட் அதிகம் ஓடும் இணைப்பாவது லேசான களிம்புப் படலத்தை உடைத்துக்கொண்டு வேலை செய்யும். சில மில்லிஆம்பியர் மட்டும் ஓடும் இணைப்பில் அந்தப் படலமே போதும், சிக்னல் நின்றுவிடும். மல்டிமீட்டரும் ஏமாற்றும்: ரிலேயின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு அளந்தால் நல்ல பிள்ளை மாதிரி 12 வோல்ட் காட்டும். சாக்கெட் மாட்டியிருக்க, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போது ரிலேயின் இன்புட் பின்னில் அளந்தால்தான் குட்டு வெளிப்படும். இது தெரியாமல் நல்ல ரிலேயைத் தூக்கி எறிபவர்கள் நிறைய.

சரியான வழி இது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். லேம்ப் வயரை வெட்டி, ஒரு முனையோடு ரிலேயின் சிக்னல் வயரைச் சேர்த்து முறுக்கி, மறுமுனையை எதிர்ப்பக்கம் நுழைத்து, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் குழாய் போன்ற ஹீட் ஷ்ரிங்க் பட் கனெக்டரில் அழுத்தி கிரிம்ப் செய்யுங்கள். இரண்டு 0.5 வயருக்கு 0.5 முதல் 1.5 வரைக்குமான சிவப்பு அளவு போதும். பசை இரு ஓரத்திலும் கசியும்வரை சூடு காட்டுங்கள். ஈயப்பற்று வைத்தால் அது முடியும் இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும். வயர் இணைப்புக்கு வரும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறட்டும். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

எர்த்தையும் கவனியுங்கள். பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்கிறதென்றால் எர்த் போயிருக்கிறது, வேறெதையும் தேட வேண்டாம். கார் விளக்கு எல்ஈடி என்றால், ஒரே விளக்கு டெயிலுக்கு மங்கலாகவும் பிரேக்குக்குப் பிரகாசமாகவும் எரியலாம். மங்கலாக எரிய வைப்பது வேகமான துடிப்பு. அதைப் புரிந்துகொள்ளாத ரிலேயில் ட்ரெய்லர் விளக்கு மினுக்கும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

காருக்கென்றே வரும் டெடிகேட்டட் கிட், காரின் சொந்த சாக்கெட்டுகளுக்கு நடுவே நுழைந்துகொள்ளும். வண்டிக்கு ட்ரெய்லர் இருப்பது தெரிவதால், கார் அனுமதித்தால் ரிவர்ஸ் சென்சார் வாய்மூடும், காரின் பின் ஃபாக் லைட் அணையும், ட்ரெய்லர் ஆட்டத்தை அடக்கும் வசதியும் வேலை செய்யும். விலை அதிகம், பெரும்பாலும் கோடிங்கும் (ட்ரெய்லர் வசதியைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவது) செய்ய வேண்டும். கேரவன் பேட்டரியை சார்ஜ் செய்ய 13 பின் சாக்கெட் வேண்டுமென்றாலும் இதுதான் வசதி.

வெறும் விளக்குக்கு, விலைக்கும் வேலைக்கும் கணக்குப் பார்த்தால் ரிலே பெட்டிதான் ஜெயிக்கிறது. ஆனாலும் நண்பரிடம் டெடிகேட்டட் கிட்டையே வாங்கச் சொல்லிவிட்டேன். புது வண்டியின் வயரை யாரோ ஒருவர் பிளையரோடு தொடுவதை நினைத்தாலே மனசு கேட்கவில்லை. இல்லை, ரிலேதான் என்று முடிவெடுத்தால், பாக்கெட்டைப் பிரித்ததும் நீலக் கிளிப்புகளைக் குப்பையில் போடுங்கள். உறையை மூடும் முன் ட்ரெய்லரை மாட்டி, டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் எரியவிட்டுப் பாருங்கள்.