‘மாற்றம் இல்லை’ பட்டனைத் தவிர மற்றதெல்லாம் நன்று

எங்கள் பல் கிளினிக்கில் காகித ஃபைல்களை விட்டுவிட்டு மென்பொருளுக்கு மாறினோம். எக்ஸ்ரே, பில்லிங் எல்லாம் எந்த மென்பொருளிலும் ஓரளவு ஒழுங்காகவே இருக்கும். ஒரு பல் மருத்துவராக நான் எடைபோடுவது மெடிக்கல் ஹிஸ்டரி பகுதியை வைத்துத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்கும் விதம். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து உண்டா என்பதற்கு ‘ஆம்’ என்று தொட்டால், மாத்திரையா ஊசியா, எத்தனை வருடமாக என்று தொடர்ந்து கேட்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை மருந்துக் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை. அது தெரியாமல் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் அபாயம் இருக்கிறது. காகிதப் படிவத்தில் ‘வேறு மருந்துகள்’ என்ற ஒற்றை வரி பெரும்பாலும் காலியாகவே வரும்.

பென்சிலின் அலர்ஜி, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, செயற்கை இதய வால்வு ஆகிய மூன்றுக்கு மட்டும் சிவப்புப் பட்டை. எந்தத் திரைக்குப் போனாலும் மேலேயே நிற்கிறது. எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை காட்டினால் எதையும் பார்க்காமல் மூடத்தான் கை போகும். இந்த அளவு சரி. ஆனால் வால்வு உள்ளவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால், இதயத்தில் தொற்று வராமலிருக்கப் பல் சிகிச்சைக்கு முன் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்காக இன்னமும் கிளிண்டாமைசினைக் காட்டுகிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2021-லேயே அதைப் பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டது. இதை உடனே திருத்த வேண்டும்.

பெரிய குறை, மறுமுறை வருகிறவருக்குக் காட்டும் ‘மாற்றம் இல்லை’ பட்டன். இடையில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை தொடங்கியிருந்த ஒருவர், அதைத் தொட்டுவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஊசி போடுமுன் வாய்விட்டுக் கேட்டதால்தான் தெரிந்தது. செட்டிங்ஸில் அந்தப் பட்டனை நீக்க வழி இருக்கிறது. இப்போது பழைய மருந்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி, ‘இன்னும் சாப்பிடுகிறீர்களா, புதிதாக ஏதாவது சேர்ந்ததா?’ என்று கேட்கிறது. முந்தைய பதில்கள் அழியாமல், யார் எப்போது மாற்றினார்கள் என்ற விவரத்தோடு அப்படியே இருக்கின்றன.

பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்து ஏற்றினால் வேலை முடிந்தது என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஸ்கேன் படத்திலிருந்து சிவப்புப் பட்டை வராது. அலர்ஜியையும் மருந்துகளையும் தட்டச்சு செய்தே ஆகவேண்டும். டேப்லெட் பழக்கமில்லாத வயதானவர்களிடம் உதவியாளர் கேட்டு நிரப்பலாம், ஆனால் வரவேற்பறையில் எல்லோர் காதிலும் விழும்படி வேண்டாம், உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குமுன், வார்ஃபரினும் (ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து) பென்சிலின் அலர்ஜியும் உள்ள ஒரு கற்பனை நோயாளியைப் பதிந்து, அவருக்குப் பென்சிலின் வகை மருந்தான அமாக்ஸிசிலின் எழுதிப் பாருங்கள். எங்கள் மென்பொருள் தடுத்து நிறுத்திக் காரணம் கேட்டது. தடுக்காததை வாங்காதீர்கள்.