ஹோம்லைட் எக்ஸ்எல்-12ஆ, ஹஸ்க்வர்னா 61ஆ: பழைய செயின்சா வாங்கிக் கழற்றிப் பார்த்தவன் கணக்கு

போன அக்டோபரில் எங்கள் வீட்டு கராஜ் ஷெல்ஃபில் மூன்று பழைய செயின்சாக்கள் இருந்தன. நீல நிற ஹோம்லைட் எக்ஸ்எல்-12, ஆரஞ்சு ஹஸ்க்வர்னா 61, பெட்டியில் பாதி கழற்றிய நிலையில் ஸ்டில் 041 ஏவி. பனிக்கால டயர்களை வைக்க அந்த ஷெல்ஃப் வேண்டும், ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. எதை வைத்துக்கொள்வது என்று இரண்டு வாரம் யோசித்தேன். அந்த யோசனைதான் இது.

நான் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் பக்கம். இங்கே பழைய செயின்சாவுக்குப் பஞ்சமே இல்லை. தாத்தா காலமானதும் பேரன்கள் கராஜைக் காலி செய்யும்போது விற்பனை மேஜையில் ஒன்றாவது கிடக்கும். அறுக்க மரத்துக்கும் பஞ்சமில்லை. எமரால்ட் ஆஷ் போரர் என்கிற பச்சை வண்டை அமெரிக்காவில் முதலில் கண்டுபிடித்தது 2002-ல், இதே தென்கிழக்கு மிச்சிகனில்தான். அதன் புழு ஆஷ் மரப் பட்டைக்கு அடியில் சுரங்கம் போட்டுத் தின்னும். மரத்துக்குச் சாறு ஏறாது, நின்றபடியே பட்டுப்போகும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இன்றைக்கு எல்லா செயின்சாவிலும் ஓடும் செயினின் பல்லுக்கு முன்மாதிரியும் ஒரு மரப்புழுதான். ஜோ காக்ஸ் என்ற ஆரகன் மரவெட்டி, 1946-ல் ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறுவதைப் பார்த்து அந்த வடிவத்தைப் பிடித்தார். ஒரு புழு கொன்ற மரத்தை இன்னொரு புழுவின் பல்லால் அறுக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எளிதாகத் தீர்கிற ஒப்பீடுகளை முதலில் முடித்துவிடலாம். இழுவை, வேகம் இரண்டிலும் 61 மேல். எக்ஸ்எல்-12 54 சிசி, 61-இல் 61.5 சிசி, போதாததற்கு அது இருபது வருஷம் பிந்திய டிசைன். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. எக்ஸ்எல்-12 1963-ல் வந்தபோது, பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் இல்லாமல் பன்னிரண்டு பவுண்டு சொச்சம் என்பதே பெரிய விளம்பரம், பெயரிலுள்ள 12 அதுதான். விலையில் எக்ஸ்எல்-12 மலிவு. நான் 25 டாலருக்கு வாங்கினேன், 61-க்கு 140 கொடுத்தேன். திருப்பி விற்றால் 61-க்குத்தான் நல்ல காசு வரும். இத்தோடு நிறுத்தினால் 61 ஜெயித்துவிட்டது என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நான் வைத்துக்கொண்டது எக்ஸ்எல்-12-ஐ.

காரணம் ரப்பர்.

செயின்சாவைப் பழுதுபார்க்க ஆரம்பித்த புதிதில் பிஸ்டன், சிலிண்டர் என்று இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலோகம் அவ்வளவு சீக்கிரம் போகாது. முப்பது, நாற்பது வருஷம் சும்மா கிடந்த மெஷினில் போயிருப்பது பெட்ரோல் ட்யூப், கார்புரேட்டரின் டயஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வு, இன்ஜின் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கிராங்க் சீல், அதிர்வைத் தாங்கும் ரப்பர் குமிழ்கள். இப்போதைய பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் வேறு கலந்து வருகிறது. பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், காய்ந்ததும் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். நொறுங்கிய இடத்தில் காற்று உள்ளே போகும். டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதானே வருகிறது, காற்று கூடினால் எரிபொருளோடு ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறி சிலிண்டரை உரசிக் கோடு போட்டுவிடும். அதற்கு ஒரு மரத்தை அறுத்து முடிக்கிற நேரம் போதும்.

அதனால் ஒரு மெஷினை வாங்கலாமா என்று கேட்டால் நான் இப்போது முதலில் எண்ணுவது அதிலுள்ள ரப்பர் உருப்படிகளைத்தான். எத்தனை இருக்கின்றன, அதில் எத்தனை அந்த மாடலுக்கென்றே வார்த்தவை, எத்தனை எந்தக் கடையிலும் கிடைக்கிற பொது உருப்படி என்பதுதான் கணக்கு.

எக்ஸ்எல்-12-இல் இந்தக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். அதிர்வு ரப்பரே கிடையாது, கைப்பிடி நேராக உடம்போடு போல்ட் போட்டது. கார்புரேட்டர் டிலாட்சன் அல்லது வால்ப்ரோ. அந்த இரண்டு கம்பெனி டயஃப்ரம் கிட்டும் இன்றைக்கும் பத்துப் பதினைந்து டாலருக்குள் தபாலில் வரும். கேஸ்கட் தாள் வாங்கி, பழையதை மேலே வைத்துப் பென்சிலால் வரைந்து, பிளேடால் வெட்டிக்கொள்ளலாம். பெட்ரோல் ட்யூப் ஒன்றுதான் கொஞ்சம் சிக்கல். டாங்க்கிலிருந்து ஏர் பாக்ஸுக்கு ஒரு துளை வழியாக வரும் அசல் ட்யூப், அந்தத் துளைக்கென்றே வார்த்தது, அது கிடைப்பதில்லை. அதற்குப் பதில் துளையைவிட மயிரிழை தடித்த மஞ்சள் ட்யூபை எடுத்து, நுனியைப் பேனா நிப் போலச் சாய்வாக வெட்டி, எண்ணெய் தடவி, மறுபக்கமிருந்து நோஸ் பிளையரால் இழுக்க வேண்டும். முதல் இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை 'பக்' என்று இறுகிக்கொண்டது. கிராங்க் சீல் மாற்ற வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். எக்ஸாஸ்ட், இன்டேக் இரண்டையும் அடைத்து 7 பிஎஸ்ஐ காற்று ஏற்றிப் பார்த்தேன், முள் அசையவில்லை. எல்லா எக்ஸ்எல்-12-க்கும் இந்த அதிர்ஷ்டம் இருக்கும் என்று சொல்ல மாட்டேன், நான் திறந்தது இரண்டே மெஷின்தான்.

இக்னிஷனிலும் இதே கதை. என்னுடையது பாயின்ட் வைத்த பழைய வகை, அதாவது சின்ன சுவிட்ச் போலத் திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் இரண்டு உலோக முகங்கள். நம் ஊரில் ராஜ்தூத், யெஸ்டி ஓட்டியவர்களுக்குப் பாயின்ட் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இதில் அது ஃப்ளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஃப்ளைவீல் நட்டைத் திருகினால் இன்ஜினும் சேர்ந்து சுற்றும். ப்ளக் துளை வழியாக நாலு விரல் நீளத்துக்கு நைலான் கயிற்றை உள்ளே திணித்தால் பிஸ்டன் அதில் முட்டி நின்றுவிடும், நட்டு கழன்று வரும். பாயின்டின் இரண்டு முகங்களும் கறுத்துப் போயிருந்தன. நயம் எமரி தாளால் இரண்டு இழுப்பு, அப்புறம் ஒரு பழைய விசிட்டிங் கார்டைத் தின்னரில் நனைத்து நடுவில் கொடுத்து இழுத்தேன். முதல் இழுப்பில் கார்டில் கரிக்கோடு, நாலாவதில் வெள்ளை. இடைவெளி 0.015 இன்ச், அதாவது 0.38 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் வைத்துத் திருகை இறுக்கி, ப்ளக்கை உடம்பில் சாய்த்து வைத்துக் கயிற்றை இழுத்தேன். நீலப் பொறி. செலவு ஒரு விசிட்டிங் கார்டு.

61-இல் இருப்பது எலக்ட்ரானிக் இக்னிஷன். வேலை செய்கிற வரைக்கும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம், அது நிச்சயமாகப் பெரிய வசதி. செத்துவிட்டால் செத்ததுதான், சுரண்டிப் பிழைக்க வைக்க முடியாது. என்னுடையது செத்தது. பொறிக்கு மின்சாரம் தரும் காயில், அசல் புதிதாக எங்கே தேடியும் சிக்கவில்லை. ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் நகல் காயில் வாங்கிப் போட்டேன். குளிரில் ஸ்டார்ட் ஆகும், கால் மணி நேரம் ஓடிச் சூடேறியதும் அணைந்துவிடும், ஆறினால் மறுபடி ஓடும். கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டு மூன்று தடவை கழற்றினேன். குற்றவாளி காயில் என்று தெரிய ஒரு மாதம் ஆனது. பணம் திரும்பி வரவில்லை. கடைசியில் உடைந்த மெஷின் ஒன்றிலிருந்து கழற்றிய அசல் காயில்தான் கைகொடுத்தது.

61-க்குப் பாகமே கிடைக்காது என்று அர்த்தமில்லை. கிடைப்பது கொட்டிக் கிடக்கிறது. அது 266, 268, 272 என்று நீளும் ஒரே குடும்பம், உருப்படிகள் பலவும் ஒன்றுக்கொன்று பொருந்தும். 48 மில்லிமீட்டர் சிலிண்டரைக் கழற்றிவிட்டு 272-இன் 52 மில்லிமீட்டர் சிலிண்டரை மாட்டி, பார்க்க 61 போலவே வைத்துக்கொண்டு ஓட்டும் குறும்புக்காரர்கள் உண்டு. இத்தாலிய மீட்டியோர் பிஸ்டன், கேபர் ரிங் என்று நல்ல சரக்கும் வருகிறது. ஆனால் நகல் சரக்கும் அதே அளவுக்கு வருகிறது, எது எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதிர்வு ரப்பர்களை நகலில் வாங்கினேன். அசலைவிட இளக்கமாக இருந்தன, அறுக்கும்போது பார் ஒரு பக்கம் சாய்கிறது போல ஓர் உணர்வு. ஆபத்து என்று சொல்ல மாட்டேன், பிடிக்கவில்லை.

ஸ்டில் 041 பற்றி அதிகம் பேச எனக்கு உரிமை இல்லை. ஒரே ஒரு மெஷின், அதுவும் ஒரு குளிர்காலம் முழுக்கக்கூட ஓடவில்லை. மூன்றில் இதன் கட்டுமானம்தான் அதிக உறுதி, கையில் எடுத்தாலே தெரியும். பெயரிலுள்ள ஏவி என்பது அதிர்வுத் தடுப்பு, அந்த ரப்பரில் ஒன்று பிய்ந்துதான் பெட்டிக்குள் போனது. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் என் அபிப்பிராயம் மாறலாம்.

இனி எக்ஸ்எல்-12-இன் குறைகள். இவற்றை மறைத்தால் பாவம். முதல் குறை, செயின் பிரேக் கிடையாது. பாரின் நுனி மேல்பகுதி எதிலாவது இடித்தால் மெஷின் முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும். 61-இல் முன்கைக்கு முன்னால் உள்ள தடுப்பு அந்த நொடியிலேயே செயினை நிறுத்திவிடும், இதில் நிறுத்த எதுவும் இல்லை. குறைந்த உதைப்புள்ள செயின் போட்டிருக்கிறேன், பார் நுனியை மரத்துக்குள் செருகுவதில்லை, கிளை கழிப்பதில்லை, தரையில் கிடக்கும் கட்டையைத் துண்டு போட மட்டும்தான். இரண்டாவது, அதிர்வு. ஒரு டாங்க் பெட்ரோல் தீர்ந்து மெஷினைக் கீழே வைத்தால் விரல்கள் வண்டு குடைகிற மாதிரி இருக்கும். அதிர்வுத் தடுப்பு இல்லாத காலத்தில் வருஷக்கணக்கில் அறுத்த மரவெட்டிகளுக்கு விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் வந்தது வெறும் கதை அல்ல. ஒரு டாங்க்கோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். மூன்றாவது, பாருக்கு ஆயில் விட வலது கட்டை விரலால் பித்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் பாரில் புகை.

கம்பெனியை நம்பவும் முடியாது. ஹோம்லைட் 1994-ல் ஜான் டீர் கைக்குப் போனது, அப்புறம் ஹாங்காங்கின் டிடிஐ கைக்கு. எக்ஸ்எல்-12-இன் உடம்பு மக்னீசியம். டாங்க் அடியில் தண்ணீர் தங்கி வெள்ளையாகப் பொரிந்திருந்தால் சரிசெய்ய வழியில்லை. இன்னொரு மெஷின் வாங்கி உடம்பை மாற்ற வேண்டியதுதான். அப்படி மாற்ற இன்னொரு எக்ஸ்எல்-12 25 டாலருக்குக் கிடைத்துவிடுகிறது என்பதுதான் ஆறுதல்.

பெட்ரோல் விஷயம் மூன்றுக்கும் பொது. அப்பாவின் டிவிஎஸ் 50-க்குப் பவானி பெட்ரோல் பங்க்கில் 2டி ஆயிலைப் பம்ப்பால் அடித்துக் கலந்தவன் நான், அந்தப் பழக்கம் அப்படியே கைகொடுத்தது. பழைய மேனுவல்களில் பெட்ரோல் 16-க்கு ஆயில் 1 என்று போட்டிருக்கும். அது அந்தக் காலத்து ஆயிலுக்கு. இப்போதைய நல்ல 2டி ஆயிலில் 32-க்கு 1 கலந்து, எல்லாவற்றுக்கும் ஒரே கேனிலிருந்து ஊற்றுகிறேன். எத்தனால் இல்லாத பெட்ரோலாகத் தேடிப் பிடிக்கிறேன். அடுத்த மாதத்துக்குள் தொட மாட்டேன் என்று தோன்றினால் டாங்க்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு வைக்கிறேன்.

61 இப்போது சேலத்து அண்ணா ஒருவரிடம் இருக்கிறது. நாற்பது மைல் வடக்கே ஐந்து ஏக்கர் நிலமும் விறகு அடுப்பும் வைத்திருக்கிறார், வீட்டுக்குச் சூடே விறகுதான். அவருக்கு அதுதான் சரி. நாள் முழுக்க அறுக்க வேண்டும், பிரேக் வேண்டும், கை நடுங்கக் கூடாது. வாங்கிப் போகும்போது கேட்டார், "தம்பி, இதுல எதுடா தொல்லை இல்லாதது?" "எல்லாமே தொல்லைதான் அண்ணா. உங்களுக்கு விறகு வேணும், எனக்குத் தொல்லைதான் வேணும்" என்றேன். போன வாரம் போன் செய்தார், ஓடிக்கொண்டிருக்கிறதாம். காயில் பற்றி நானும் கேட்கவில்லை.

நீங்கள் கராஜ் சேலுக்குப் போனால் ஒரு சின்ன டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் கொண்டு போங்கள். ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியை மட்டும் பிடித்து மெஷினைத் தொங்கவிடுங்கள். விக்கி விக்கி இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது, விர்ரென்று இறங்கினால் இல்லை. விற்பவர் அனுமதித்தால் மஃப்ளரைக் கழற்றி எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடியுங்கள். பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருந்தால் திருப்பி மாட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கோடு இல்லாமல், பெட்ரோல் ட்யூப் மட்டும் நொறுங்கிக் கிடந்தால் பேரம் பேசாதீர்கள், பர்ஸை எடுங்கள்.