இரண்டரை வயதுப் பையனோடு ஆறு மாதம் கார்ட்டூன் பார்த்தேன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறவளாக இருக்கிறேன். வருகிற ஆர்டரில் பாதிக்கு மேல் குழந்தைத் துணி. அதனால் கார்ட்டூன் பாத்திரங்களை டிவியில் பார்ப்பதற்கு முன்பே சட்டையில் பார்த்துவிட்டேன். பன்றிக்குட்டியின் ரோஸ் கலர் ஒரு ஷேடு தூக்கலாகிவிட்டது என்று பிரிண்டிங் யூனிட்டோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பன்றி என்ன பேசும், யாரோடு பேசும் என்றெல்லாம் தெரியாது. என் பையன் வந்த பிறகுதான் உட்கார்ந்து பார்க்க வேண்டி வந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்கு இது: இரண்டு வயது வரைக்கும் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒன்றேகால் வயதிலேயே சோற்றுக் கிண்ணத்தோடு போனும் வந்துவிட்டது. ஷிப்மென்ட் வாரத்தில் இராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, வாயைத் திறக்காத பிள்ளைக்குப் பருப்புச் சோறு ஊட்டிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போது ஓடியதெல்லாம் பாட்டுச் சேனல்கள். பெயர் சொல்லி என்ன ஆகப் போகிறது, எல்லாம் ஒரே தையல்தான். வட்டமான தலை, பெரிய கண், கைதட்டல், ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்தது. எனக்கு எதையும் டேப் வைத்து அளந்து பார்க்கிற புத்தி. ஒரு நாள் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணினேன். ஒரு நிமிடத்தில் 22 முறை காட்சி மாறியது. நானே தலையைப் பிடித்துக்கொண்டேன். பையனோ கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். வாயில் வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. மென்றானா, முழுங்கினானா என்பது அவனுக்கே தெரிந்திருக்காது.

படித்தான், இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு வயது ஆவதற்குள் ஏ பி சி டி முழுவதையும் பாடினான். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தவர்கள் முன்னால் பாடவைத்துப் பெருமைப்பட்டேன். 'எலமெனோ' என்பதை ஒரே எழுத்தாகச் சொல்வான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

சாயம் வெளுத்தது காங்கேயம் பக்கத்தில் இருக்கும் என் அம்மா வீட்டில். அங்கே கட்டுத்தரையில் சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைப் பசு, கன்று ஈன்று பத்து நாள். காங்கேயம் இனத்தில் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதம் போல ஆனால்தான் அந்த நிறம் மாறும். அதையெல்லாம் காட்டலாம் என்று தூக்கிக்கொண்டு போனேன். "இது என்ன, சாமி?" என்று அம்மா பசுவைக் காட்டிப் பையனிடம் கேட்டார். பதில் இல்லை. போனில் 'கௌ' வந்தால் தூக்கத்திலும் சொல்லுவான். ஆனால் அந்தக் கௌ வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டு போட்டது, கொம்பு கிடையாது. இது சாம்பல் நிறத்தில், கொம்பு விரித்துக்கொண்டு, அவனை முறைத்துப் பார்க்கிறது. நானே 'கௌ' என்று எடுத்துக் கொடுத்தேன். உடனே முகம் மலர்ந்து "கௌ செஸ் மூ" என்றான். அந்த நேரம் பார்த்துப் பசு "ம்மா" என்று ஒரு குரல் கொடுத்தது. பையன் மிரண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"மாடு அம்மான்னுதானே கத்தும், மூன்னு எவன் சொல்லிக் குடுத்தான்?" என்றார் அம்மா.

அன்று இராத்திரி என் அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். திரையில் ஒரு பொம்மை, "இது என்ன கலர்?" என்று கேட்டுவிட்டு, மூச்சு விடுவதற்குள் "ரெட்!" என்று கைதட்டியது. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா சொன்னார்: "ஏங் கண்ணு, அவனே கேக்கறான், அவனே சொல்லிக்கறான். அப்பறம் நம்ம பையன் எதுக்கு?"

அதற்குப் பிறகு நான் தேடியது ஒன்றே ஒன்று: கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும் கார்ட்டூன்.

அதில் முதலில் நின்றது டோரா. 2000இல் அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் தொடங்கியது. நம் ஊருக்குச் சுட்டி டிவி வழியாகத் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. 2007இல் சுட்டி டிவி தொடங்கியபோது நான் ஏழாவது. 'சின்னப் புள்ளைக பாக்கறது' என்று கிண்டல் செய்துகொண்டே தினமும் பார்ப்போம். டோரா கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்பாளே, அதற்குத்தான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரிப்போம். பாலம் பின்னாலேயே இருக்கும், "பாலம் எங்கே இருக்கு?" என்பாள். இன்றைக்கு இரண்டரை வயதுப் பையனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்தச் சிமிட்டல் எதற்கென்று புரிகிறது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம் இருக்கும். முதல் நாள் அந்த நேரம் முழுக்க அவன் என் முகத்தைத்தான் பார்த்தான். நான் கை நீட்டினேன். இரண்டாம் நாள் அவனே நீட்டினான், தப்பான பக்கம். நான்காம் நாள் எழுந்து ஓடிப்போய் டிவியில் பாலத்தின் மேலேயே விரலை வைத்து அழுத்தினான். அந்த விரல் தடத்தை இன்னும் துடைக்கவில்லை.

குறை இருக்கிறது. டோரா எல்லாவற்றையும் கத்தித்தான் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவலியோடு பார்க்க முடியாது. என் அம்மாவுக்கு வேறு கவலை. "அந்தப் புள்ளைக்கு அப்பன் ஆத்தா இல்லியா? கொரங்கக் கூட்டீட்டுக் காட்டுல தனியாத் திரியுது!"

ப்ளூஸ் க்ளூஸ் என்று இன்னொன்று, 1996இல் வந்தது. பச்சைக் கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர், நீல நாய்க்குட்டி வைத்த தடயங்களைக் குழந்தைகளிடம் கேட்டுக் கேட்டுத் தேடுவார். ஆங்கிலம் என்பதால் என் பையனுக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆனால் ஒரு சங்கதி பிடித்தது. ஆரம்பத்தில் ஒரே எபிசோடை வாரத்தில் ஐந்து நாளும் திரும்பத் திரும்பப் போட்டார்களாம். பார்க்கப் பார்க்கத்தான் குழந்தைகள் அதிகமாகப் பதில் சொல்கிறார்கள் என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு, ஒரே டோரா எபிசோடை 11 நாள் தொடர்ந்து கேட்டவனை நான் திட்டவில்லை. எனக்குத்தான் மனப்பாடம் ஆகிவிட்டது.

ப்ளூயி ஆஸ்திரேலியாக்காரர்களுடையது, 2018இல் வந்தது, ஒவ்வொன்றும் ஏழு நிமிடம். எழுத்தும் எண்ணும் கிடையாது, அப்பா நாய் பிள்ளைகளோடு விளையாடும், அவ்வளவுதான். பையனை விட அவன் அப்பாதான் விரும்பிப் பார்க்கிறார். ஒரு நாள் கட்டில் போர்வையைக் கூடாரமாகக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே கிடந்தார்கள். போகட்டும், அன்றைக்குப் போன் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

யூடியூப் கிட்ஸில் இரண்டு அமைப்புகளை மட்டும் மாற்றினேன். நாம் அனுமதித்த வீடியோ மட்டும் வரும்படி ஒன்று, டைமர் இன்னொன்று. நேரம் முடிந்தால் ஆப் தானாகப் பூட்டிக்கொள்ளும். அழுகை அந்த ஆப்பின் மேல் போய்விடுகிறது, என் மேல் வருவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் எதுவும் ஓடாது என்று வைத்தேன். முதல் வாரம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது.

கூட உட்கார ஆள் இல்லாவிட்டால் டோராவும் அந்தப் பாட்டுச் சேனல் மாதிரிதான் ஓடுகிறாள். இதையும் பார்த்தேன். ஒரு சாயங்காலம் ஆர்டர் கொடுத்த பையருக்கு மெயில் அனுப்பிக்கொண்டே அவனைத் தனியாக விட்டேன். டோரா கேட்டாள், சிமிட்டினாள். அவன் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். அவளே "சரியாச் சொன்னீங்க!" என்று பாராட்டிவிட்டுப் போய்விட்டாள்.

போன வாரம் மறுபடி அம்மா வீட்டுக்குப் போனோம். களத்தில் நிலக்கடலை காயப்போட்டிருந்தது. அந்தப் பக்கம் மயில் தொல்லை சொல்லி மாளாது. வேலியைத் தாண்டி ஒன்று வந்து கொத்த ஆரம்பித்தது. பையன் திண்ணையிலிருந்து இறங்கி, கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றான். "மயிலு திருடக் கூடாது! மயிலு திருடக் கூடாது! மயிலு திருடக் கூடாது!" டோராவில் திருட வரும் குள்ளநரியிடம் இப்படி மூன்று முறை சொன்னால் அது தோற்றுப்போய், புலம்பிக்கொண்டே போய்விடும். இவனும் சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காத்திருந்தான். மயில் தலையைத் தூக்கி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி கொத்தியது. அவன் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாதான் குரலை மாற்றி, "அய்யோ, மாட்டிக்கிட்டனே!" என்றார்.