ஃபண்ட் ஆஃப் ஹெட்ஜ் ஃபண்ட்ஸ்: கட்டணம் போக மிஞ்சுவது எவ்வளவு?

பத்துப் பதினைந்து ஹெட்ஜ் ஃபண்டுகளை (பணக்காரர்களிடமும் நிறுவனங்களிடமும் பணம் திரட்டிப் பலவித உத்திகளில் போடும் தனியார் நிதிகளை) பொறுக்கி எடுத்து ஒரே கூடையில் போட்டு விற்கிறார்கள். தனி ஹெட்ஜ் ஃபண்டில் நுழையப் பெருந்தொகை வேண்டும். இங்கே குறைந்த முதலிலேயே பல உத்திகள் கிடைக்கும். விற்பவர் சொல்லும் இதில் பொய் ஏதும் இல்லை. கோளாறு கட்டணத்தில்தான்.

உள்ளே உள்ள ஃபண்டுகள் 2 சதவீத மேலாண்மைக் கட்டணமும் லாபத்தில் 20 சதவீதமும், கூடைக்காரர் 1 சதவீதமும் லாபத்தில் 10 சதவீதமும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 100 போட்டு 10 லாபம் வந்தால் 2 போய் 8. அதில் 1.6 போய் 6.4. மேல்தட்டான கூடைக்காரருக்கு 1 போய் 5.4, பிறகு 0.54 போய்க் கைக்கு வருவது 4.86. சம்பாதித்ததில் பாதிக்கு மேல் கட்டணம்!

இதைவிட மோசமானது, லாபமும் நஷ்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாதது. இரண்டு ஃபண்டுகளில் 50, 50 போட்டிருக்கிறீர்கள். ஒன்று 20 சதவீதம் ஏறியது, மற்றது 20 சதவீதம் இறங்கியது. மொத்தத்தில் லாபம் பூஜ்யம். ஆனால் இருவரும் மேலாண்மைக்குத் தலா 1 எடுப்பார்கள், ஜெயித்தவர் மிஞ்சிய 9 லாபத்தில் தன் பங்கான 1.8-ஐயும் எடுத்துக்கொள்வார். மேல்தட்டுக்கு 1 போனால் மிச்சம் 95.2.

நஷ்டப்பட்ட ஃபண்ட் பழைய உச்சத்தைத் தாண்டும்வரை லாபப் பங்கு கேட்க முடியாது. அதுதான் ஹை வாட்டர் மார்க். கூடைக்காரர் அந்த ஃபண்டை விற்றுவிட்டுப் புதியதற்கு மாறினால் அந்தப் பாதுகாப்பும் போச்சு. புதியவர் முதல் லாபத்திலிருந்தே பங்கு கேட்பார். ஆகவே அடிக்கடி ஃபண்ட் மாற்றுவதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

இத்தகைய கூடைகள் சாதாரணக் குறியீட்டு ஃபண்டை முந்தாது என்று அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 2008 முதல் 2017 வரை கட்டிய பந்தயம் இதற்குப் பொதுச் சான்று. எஸ்&பி 500 என்ற பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பங்குக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட் 125.8 சதவீதம் ஏறியது. எதிரே நின்ற ஐந்து கூடைகளில் சிறந்ததே 87.7, கடைசி வெறும் 2.8. ஆனாலும் சரிவு ஆண்டான 2008-இல் ஐந்துமே குறியீட்டைவிடக் குறைவாகத்தான் இழந்தன. இந்தச் சரக்கின் உண்மையான பயன் அதுதான், அதற்குத்தான் விலை.

உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். மெர்ஜர் ஆர்பிட்ரேஜ், அதாவது ஒரு நிறுவனத்தை இன்னொன்று வாங்கும்போது விலை வித்தியாசத்தில் சம்பாதிக்கும் உத்தி, அமைதியாகத் தெரியும். 100-க்கு வாங்குவதாக அறிவித்த நிறுவனப் பங்கு 97-இல் நிற்கிறது. ஒப்பந்தம் முடிந்தால் லாபம் 3, முறிந்து 75-க்கு விழுந்தால் நஷ்டம் 22. நூற்றுக்கு 88 ஒப்பந்தங்கள் முடிந்தால்தான் கட்டணத்துக்கு முன் சரிக்குச் சரி. சந்தை நொறுங்கும்போது பல ஒப்பந்தங்கள் சேர்ந்து முறியும், பரவலாக்கம் அப்போது கைகொடுக்காது. ஃபியூச்சர்ஸ் (பின்னாளில் வாங்க விற்க இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) வழியாகச் சந்தையின் போக்கைப் பின்தொடரும் ஃபண்டுகள் நேர் எதிர்: நீண்ட சரிவில் தாக்குப்பிடிக்கும், போக்கில்லாமல் அல்லாடும் சந்தையில் சிறுகச் சிறுகக் கரையும். கூடையில் இரண்டும் இருக்கட்டும்.

வெளியேறும் விதியைக் கடைசிப் பக்கத்தில் புதைத்திருப்பார்கள். காலாண்டுக்கு ஒருமுறை, 90 நாள் முன்னறிவிப்பு, அதற்கு மேல் கேட் (ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு) என்றால், எல்லோரும் ஒன்றாகக் கேட்கும் நாளில் ஒரு பகுதிதான் கிடைக்கும். உள்ளே உள்ள ஃபண்டுகளின் முன்னறிவிப்பு கூடையின் காலத்தைவிட நீளமா என்று எழுத்தில் கேளுங்கள். நீளம் என்றால், முதலில் ஓடியவருக்கு நின்றவர்களின் பணத்திலிருந்துதான் கொடுப்பார்கள்.

இந்தச் சரக்குக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. மேல்தட்டில் லாபப் பங்கே எடுக்காத கூடை என்றால் மூன்று.